"அங்கிள் போயிட்டார்" என்றார் டாக்டர்

போன குளிர்காலத்தில் நிமோனியா முற்றி, என் அப்பாவை டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தோம். மறுநாள் காலை இளம் பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். "ஸாரி ஆன்ட்டி, அங்கிள் போயிட்டார்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்படியே தரையில் சரிந்துவிட்டார்.

நான் கதறிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா கண் விழித்து என்னைப் பார்த்தார்! இறந்தவர் பக்கத்துப் படுக்கைக்காரர்.

வெளியே வந்து அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மனுஷியா நீ?"

அவள் அழக்கூட இல்லை. "முந்தாநாள்லேர்ந்து டியூட்டி. பெட் நம்பர் கன்ஃப்யூஸ் ஆயிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "சஸ்பெண்ட் கர் தேங்கே, மேடம்", அவளை சஸ்பெண்ட் செய்துவிடுகிறோம் என்று குழைந்தார். மாற்று ஆள் போடாமல் அவளை நிற்க வைத்தது யார் என்று இந்தியில் கத்தினேன். எல்லா ஐ.சி.யு.விலும் இப்படித்தான் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அவளையும் முழுதாக மன்னிக்க முடியவில்லை.

அப்பா பிழைத்து வீடு திரும்பினார். இப்போது தெரிந்தவர் யாருக்காக ஐ.சி.யு. வாசலில் நின்றாலும், டாக்டர் வாய் திறந்ததும் நோயாளியின் பெயரைச் சொல்லச் சொல்கிறேன். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்றும் கேட்கிறேன். பதில் சரியில்லையென்றால் சண்டை போடுகிறேன், டாக்டரிடம் இல்லை, மேனேஜர் அறையில்.