கிரகணத்துக்கு நறுக்கிய பிலிம்

நைனாவின் இரும்புப் பெட்டியில் பழைய படங்கள் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா கிடைத்துவிட்டது என்று தம்பி போன் செய்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு அன்று கீரை ஆக்கவில்லை.

தம்பி பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டுகிறான். பெட்டியை ஒழித்தபோது டப்பா கண்ணில் பட்டிருக்கிறது.

"யக்கா, காஞ்சிபுரத்துல ஒரு கடை கீதாம். பழைய போட்டோ, பிலிம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி புதுசாட்டம் போட்டுக் குடுக்கறாங்களாம். டப்பாவுல பிலிம் துண்டு ரெண்டு கீது. அதுல அம்மா இருந்தாலும் இருக்கும். நீயும் வா. அம்மா மூஞ்சி தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான் மிச்சம்."

"எனக்கு பஸ்ஸு ஒத்துக்காதுடா."

"நீ இன்னா டில்லிக்கா போற? ஜன்னலாண்ட குந்திக்கினு வா."

தம்பிக்கு அறுபத்து மூன்று வயது. பேரன் எடுத்துவிட்டான். அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்றரை வயது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் படம் கிடையாது. அவள் திதிக்கு வெறும் விளக்கைத்தான் கும்பிடுவோம். யார் வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் சுவரில் மாலை போட்ட படங்களைத்தான் பார்ப்பான். அப்படி ஒன்று தன் வீட்டிலும் இருக்க வேண்டும், சாவதற்குள் பெற்றவளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை.

டப்பாவில் இருந்தது இரண்டு துண்டு. மொத்தம் நான்கு துண்டு. நறுக்கியவள் நான்.

தம்பிக்குத் திருப்புலிவனம் கோயிலில் காது குத்தினார்கள். உத்திரமேரூரிலிருந்து ஸ்டுடியோக்காரர் வந்து ஒரே ஒரு படம் எடுத்தார். கோயில் மதிலுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்தாள். மடியில் மொட்டைத் தலையோடு தம்பி. ஒரு பக்கம் நைனா, மறுபக்கம் நான். அம்மா அரக்குப் புடவை கட்டி, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் இங்கே பார், இங்கே பார் என்று கத்தினார். அவளோ தம்பியின் காதில் ரத்தம் கசிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில்தான் நிமிர்ந்தாள்.

ஆறு மாதத்தில் விஷ ஜுரம் வந்து போய்விட்டாள். எங்களைப் பார்த்துக்கொள்ள நைனாவின் அக்கா வந்தாள். சட்டம் போட்டு மாட்டியிருந்த படம் மண்சுவரில் இருந்தது. அந்த மழைக்காலத்தில் சுவரோடு ஏறிய கரையான் சட்டத்துக்குப் பின்னால் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளேயே தின்றுவிட்டது. ஒருநாள் அத்தை துடைக்க எடுத்தாள். கண்ணாடிக்குள் மண்தான் இருந்தது.

நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு ஓடினார். திரும்பி வந்து மெல்லிய காகித உறை ஒன்றைப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தார். நடவு முடிந்ததும் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அத்தையிடம் சொன்னார். உறைக்குள் என்ன என்று எங்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் எதையும் சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

யாரும் இல்லாதபோது நானே எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிலிம். அதில் மை பூசியது போல மூன்று பேர். நடுவில் ஒரு கிழவி. தலை பஞ்சாக வெளுத்திருந்தது. வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். கறுத்த நெற்றியில் திருநீற்றுப் பொட்டு. புருஷனை இழந்த யாரோ ஒரு கிழவி, மடியில் கரிப்பானை மாதிரி எதையோ வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வெள்ளைப் பின்னலோடு கறுப்பாக ஒரு பெண். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஸ்டுடியோக்காரர் வேறு யார் வீட்டுப் படத்தையோ கொடுத்து நைனாவை ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். பாவம் நைனா என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்கூட.

அந்தச் சமயத்தில்தான் சூரிய கிரகணம் வந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும், பார்க்கக் கூடாது என்று வாத்தியார் சொன்னார். பிலிம் வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். எங்கள் தெருவில் வாத்தியாரைவிட அவள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். பாண்டி ஆடும்போது யாரைச் சேர்ப்பது, யாரை ஓரமாக உட்காரவைப்பது என்று அவள்தான் சொல்வாள். நான் எப்போதும் ஓரம்தான். வாயைத் திறந்தால்தானே சேர்ப்பதற்கு.

"யார் வூட்லனா பிலிம் கீதா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்ல கீது" என்றேன். என் குரலா அது என்று எனக்கே இருந்தது.

"அடிங்க! ஊமைச்சிக்கு வாய் வந்துட்டுது பாருங்கடி" என்று என் தோளில் கை போட்டாள். அதற்கு முன் அந்தத் தெருவில் யாரும் என் தோளில் கை போட்டதில்லை.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பலகை மேல் வைத்து, நைனா சவரம் செய்யும் பிளேடால் மூன்று துண்டாக நறுக்கினேன். பிறகு இன்னொரு பெண் தனக்கும் வேண்டும் என்று அழுதாள். நடுத்துண்டை, அந்தக் கிழவி இருந்ததை, குறுக்கே வெட்டினேன். பிளேடு சரியாகக் கழுத்தில் போனது.

எதிர்வீட்டுப் பெண் நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிழவியின் முகமும், அதற்குப் பின்னால் தெரிந்த சுவரும்தான் நல்ல கறுப்பு. அதுதான் வேண்டும் என்றாள். கொடுத்தேன். நைனா நின்றிருந்த பக்கம் இன்னொருத்திக்கு. அழுதவளுக்கு மடியும் பானையும். வெள்ளைப் பின்னல் எனக்கு.

எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் கொட்டகைக்குப் பின்னால் அண்ணாந்து நின்றோம். சூரியன் ஓரம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் பெண் தன் துண்டை என் கண்ணில் வைத்து, "இதுல பாரு, சோக்கா தெரியுது" என்றாள். பார்த்தேன். கிழவியின் நெற்றிக்குப் பின்னால் சூரியன் தேய்ந்துகொண்டிருந்தது.

கிரகணம் விட்டதும் ஊரே தலை முழுகியது. எதிர்வீட்டில் வாசலிலேயே வெந்நீர் அடுப்பு. அந்தப் பெண்ணின் கையில் பிலிமைப் பார்த்த அவள் அம்மா கத்தினாள்: "கிரகணத்துல புடிச்ச சனியன வூட்டுக்குள்ள எடுத்துக்கினு வரியா? கொண்டாடி இங்க!" பிடுங்கி அடுப்பில் போட்டாள். இன்னொருத்தியின் துண்டும் கூடவே போனது. அழுதவள் பயந்துபோய்த் தன்னுடையதை என்னிடமே கொடுத்துவிட்டாள். நான் இரண்டையும் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தேன். பிலிம் சுருண்டு, உப்பி, பச்சையாக எரிந்தது. நாற்றம் தாங்காமல் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பெண்பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போவதில்லை. அதனால் அம்மா எரிந்ததை நான் பார்க்கவில்லை. இதைப் பார்த்தேன்.

நடவு முடிந்தது. நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினார். உறையை எடுத்தார். தரையில் தட்டினார். நான் திரும்பக் கொண்டுவந்து வைத்த இரண்டு துண்டு விழுந்தது. மறுபடியும் தட்டினார். உறையைக் கிழித்து உள்ளே பார்த்தார்.

"இத யார்னா எடுத்தீங்களா?"

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "எலி கடிச்சிருக்கும் நைனா" என்றேன்.

அத்தை விடவில்லை. "எலி இன்னா ஸ்கேல் வெச்சிக்கினா கடிச்சிது? எப்டி கீது பாரு, நேரா!"

நைனா துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தம்பியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வுடுக்கா" என்றார். "எலிதான்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கழனிக்குப் போனார். அதற்குப் பிறகு காஞ்சிபுரம் பேச்சை எடுக்கவே இல்லை. அடிக்கவில்லையே என்று எனக்குச் சந்தோஷம். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண் என்னை மறுபடியும் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது ஸ்டுடியோவில் படங்களோடு பிலிமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் ஒருநாள் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத் தலை, கறுத்த முகம், நெற்றியில் திருநீறு. அந்தக் கிழவி மாலையும் கழுத்துமாக, என் கூரைப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். மாமியார் வந்து, "இன்னாடி, பேய் அறைஞ்சாப்ல நிக்கற?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையேதான் சொல்லிவருகிறேன். நைனா சாகக் கிடந்தபோது காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் அவர் இல்லை.

பஸ் திருப்புலிவனத்தைத் தாண்டும்போது தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். மடியில் டப்பா. ஓரிக்கை வரைக்கும் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான். நான் ஜன்னலையே பார்த்தேன்.

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு துண்டையும் தூசி ஊதி மிஷின் கண்ணாடி மேல் வைத்தாள். கறுப்பாகத் தெரிந்தது. ஒரு தட்டுத் தட்டினாள். கறுப்பெல்லாம் வெளுப்பாகி, வெளுப்பெல்லாம் கறுப்பானது. ஒரு தட்டில் முடிகிற காரியம்.

ஒரு துண்டில் அரக்குப் புடவை மடியும், மொட்டைத் தலைத் தம்பியும், அவன் காதை ஒட்டி ஒரு கையும். கண்ணாடி வளையலை எண்ணிவிடலாம். கழுத்தோடு முடிந்துவிட்டது. இன்னொரு துண்டில் நான். கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, நறுக்கிய ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"தல எங்கக்கா?" என்றான் தம்பி.

"கத்தரிச்சிருக்காங்க சார். ஓரம் நேரா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

தம்பி என்னைப் பார்த்தான். சொல்லியிருக்க வேண்டும். "எலியா இருக்கும்" என்றேன்.

"நைனாவும் அதாங்கா சொன்னாரு. சாவற வரைக்கும் எலி எலின்னாரு."

அவன் திரையில் இருந்த அந்தக் கையைத் தொடப் போனான். தொடக் கூடாதோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டான். பிறகு, "கம்ப்யூட்டர்ல மூஞ்சிய வரவழைக்க முடியாதாம்மா?" என்று கெஞ்சினான்.

இல்லாததை வரவழைக்க முடியாது, அவங்க ஜாடையில் யாராவது இருந்தால் அந்த முகத்தைப் பொருத்தலாம் என்றாள். தம்பியின் முகம் மலர்ந்தது. "எங்கக்கா கீதே! அம்மாவ உரிச்சி வெச்சாப்ல கீறன்னு அத்த சொல்லுமே!"

"வாணாண்டா" என்றேன். என் குரல் எப்போதும் போல யாருக்கும் கேட்கவில்லை. வெள்ளைத் துணிக்கு முன்னால் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். அந்தப் பெண் என் முகத்தைக் கழுத்துக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள். சுருக்கத்தை எடுத்தாள். தலையைக் கறுப்பாக்கினாள். என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷமாக நான் திருநீறுதான் பூசுகிறேன். அதை அழித்துவிட்டுக் குங்குமம் வைத்தாள்.

இப்போது தம்பி வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் தொங்குகிறது. மாலை போட்டுத் தினமும் விளக்கேற்றுகிறான். போனால் என்னையும் கும்பிடச் சொல்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறேன்.

மூடினால் கொட்டகைதான் வருகிறது. கறுப்பில் நல்ல கறுப்பாகப் பார்த்து எதிர்வீட்டுப் பெண் கேட்ட துண்டை எடுத்து நீட்டுகிறேன். படத்தில் இருப்பது யார் என்று அவள் கேட்கிறாள்.

"யாரோ கெய்வி. நீயே வெச்சிக்கோ."

அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது.