சனிக்கிழமை மாத்திரையும் எங்கம்மாவோட விரதமும்

வெந்நீர் பொறுக்குற சூடுக்கு வந்ததும் ரெண்டு கையையும் உள்ள விட்டுட்டு கண்ண மூடிக்கிட்டு நிப்பேன். ஆவி மூஞ்சில அடிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொரு விரலா மடங்க ஆரம்பிக்கும்... அப்புறந்தான் எனக்கு அன்னிக்குப் பொழுதே விடியும்.

அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்ல வேலை. பியூரெட்னு நீளமா ஒரு கண்ணாடிக் குழாய், அடியில சின்னதா ஒரு திருகு. அதத் திருகி ஆசிட்ட சொட்டு சொட்டா விடணும். ஒரு சொட்டு ஜாஸ்தியா விழுந்தாலும் கலர் தூக்கிடும், மொதல்லேர்ந்து பண்ணணும். அந்த வேலைல என்ன அடிச்சுக்க எங்க லேப்ல ஆளே கெடையாது. பெருமைக்குச் சொல்லல... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், அதுக்கென்ன இப்ப!

அந்தக் கைக்குத்தான் வந்துச்சு முடக்குவாதம்.

பேரப் பாருங்க, எப்படி வெச்சிருக்காங்கன்னு! அதக் கேட்டதுமே எங்க மாமா வேலைய விடச் சொல்லிட்டாரு. "வீட்ல இரு, நாங்க பாத்துக்குறோம்"னு. பாசத்துலதான் சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அந்த வேலைய விட்டுட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது.

சிதம்பரத்துல ஒரு டாக்டர் நல்லா பாக்குறாருன்னு சொன்னாங்க, அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். பேரு போட்டா அவருக்குப் புடிக்காது, அதனால வெறும் டாக்டர்.

சின்ன கிளினிக். ரூம் மூலைல ஒரு வாஷ்பேசின். நம்ம ரிப்போர்ட்ட நீட்டினா வாங்கி ஓரமா வெச்சுடுவாரு. "மொதல்ல போய் அந்தக் கொழாயத் தொறந்துட்டு வாம்மா"ம்பாரு. பழைய பித்தளைக் கொழாய், இறுகிப் போயிருக்கும். ரெண்டு கையாலயும் புடிச்சாலும் எனக்கு அசையாது. "பரவால்ல, ஒக்காரு"ன்னுட்டு அப்புறந்தான் ரிப்போர்ட்டப் பாப்பாரு.

மாத்திரை எழுதினாரு. "வாரத்துல ஒரே ஒரு நாள்தான். ஒரு கிழமைய முடிவு பண்ணிக்குங்க, அத மாத்தவே கூடாது."

எங்கம்மா காதுல அது எப்படி விழுந்துச்சு தெரியுமா? வாரத்துல ஒரு நாள்... கிழமை தவறக்கூடாது... அப்ப விரதம்!

சனிக்கிழமைன்னு அவுங்களே முடிவு பண்ணிட்டாங்க, பெருமாளுக்கும் ஆச்சுன்னு. காலைலேர்ந்து நான் ஒண்ணும் சாப்டக்கூடாது. சாயந்தரம் வெளக்கேத்தி, கும்புட்டு, துளசித் தண்ணில மாத்திரை. அதுக்கப்புறம் ஒரு வாழப்பழம். நானும் மறுத்துப் பேசல. கை நல்லாவும்னா தலகீழா நிக்கச் சொல்லிருந்தாலும் நின்னுருப்பேன்.

ஞாயித்துக்கிழமை பூரா வாந்தி. திங்கக்கிழமை வேலைக்குப் போனா கண்ணக் கட்டும். மாசக்கணக்குல இதே கதை. ஒரு நாள் டாக்டரப் பாக்க சிதம்பரம் போறப்ப, பஸ் ஆலப்பாக்கம் தாண்டுறப்பவே முடிவு பண்ணிட்டேன்... மாத்திரையும் வேணாம், வேலையும் வேணாம், மாமா சொன்னதே சரி.

போய் ஒக்காந்ததும் பொரிஞ்சு தள்ளிட்டேன். "இதத் தின்னுட்டு சாவுறதுக்கு, கை கோணிக்கிட்டே போவட்டும் டாக்டர்!"

வெளிய அவ்ளோ கூட்டம். அவரு பேனாவ மூடி வெச்சாரு. "சனிக்கிழமை எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் என்னென்ன பண்ணுவ? ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். வெளக்கு வந்துச்சு, துளசி வந்துச்சு, வாழப்பழம் வந்துச்சு. அம்மா வேற நடுநடுவுல எடுத்துக் குடுக்குறாங்க, "ஒரு கிழமை தவறினதில்ல டாக்டர்"னு!

செத்தோம், திட்டப் போறாருன்னு நெனச்சேன். அவரு சிரிக்கக்கூட இல்ல. அம்மா பக்கம் திரும்பினாரு.

"ரொம்ப சிரத்தையா பண்ணிருக்கீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு மாத்திக்கலாம். விரதத்த நீங்க எடுத்துக்குங்க. மாத்திரையும் சாப்பாடும் பொண்ணுக்கு."

"நான் இருந்தா அவளுக்குப் பலிக்குமா டாக்டர்?"

"பெத்தவங்க இருந்தா பலிக்காம எங்க போவும்?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. எங்கம்மாவ ஒரு வார்த்தைகூட முட்டாளாக்காம பேசினாரு பாருங்க, அதுக்கே அவரக் கையெடுத்துக் கும்புடணும். அம்மா இன்னிக்கு வரைக்கும் சனிக்கிழமை விரதம்தான்.

அப்புறம் என்னப் பாத்து, "வேலைய விடணும்னா நானே சொல்றேன். அது வரைக்கும் யாரு சொன்னாலும் விடாத"ன்னாரு.

சாப்ட்டுட்டு மாத்திரை போட ஆரம்பிச்சதும் வாந்தி நின்னுச்சு. அப்புறம் மெல்ல மெல்ல வீக்கம் வத்துச்சு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கொழாய். ஒரு நாள் வழக்கம் போல போய்த் திருகினேன், ஒத்தக் கையால... பிச்சுக்கிட்டு அடிச்சுது தண்ணி! பக்கத்துல நின்ன டாக்டர் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் ஐயையோங்குறேன், அவரு அசையவே இல்ல.

"தொறந்துட்ட, சரி. இப்ப மூடு பாப்போம்."

மூடினேன். சொட்டுக்கூட ஒழுகல. நனைஞ்ச சட்டையோட அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

இப்ப அவரு கிளினிக்க மூடிட்டு வெளியூர்ல மக வீட்டோட போயிட்டாரு. நான் கடலூர்லயே பாத்துக்குறேன். ஏசி ரூம், ஃபோன்லயே டோக்கன், ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துடும். டாக்டர் கெட்டிக்காரப் பொண்ணு. மருந்தும் அப்ப இருந்தத விட எவ்வளவோ தேவல. அந்தக் காலம் மாதிரி வருமான்னு மூக்குறிஞ்ச நான் வரல... ஆனா ஒருத்தர் பேனாவ மூடி வெச்சுட்டு நம்மளக் கேட்டது, அது அப்பதான்.

வியாதி போவல. போவாதுன்னு அவரு மொத நாளே சொல்லிட்டாரு. மழை நாள்ல வலி வரத்தான் செய்யுது. வேலையும் இருக்கு, லேப்பே இப்ப என் பொறுப்புலதான்.

டாக்டர், யாராவது உங்களுக்கு இதக் காட்டுவாங்கன்னு ஒரு நம்பிக்கை. இன்னிக்குக் காலைல எம்பொண்ணுக்கு ஸ்கூலுக்கு லேட்டு. ரெட்டை ஜடை, ரிப்பன் வெச்சு மடிச்சு... நாந்தான் பின்னிவிட்டேன்.

"வலிக்குதும்மா, இவ்ளோ இறுக்காத!"னு கத்துறா.

கேட்டீங்களா டாக்டர்... என் கை இறுக்குதாம்!