மேலக்காவின் ஆறிய சாப்பாடு

கிரேன் ஓட்டுகிற பெண் என்றால் முதல் தடவையில் யாரும் நம்புவதில்லை. நம்பினாலும் லாரி மேல் வருகிற சின்னக் கிரேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இது கட்டடம் எழும்ப எழும்பத் தானும் கூடவே உயர்ந்துகொண்டு போகிற கோபுரக் கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, இரண்டு கையிலும் இரண்டு பிடியை வைத்துக்கொண்டு, கம்பிக்கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் இறக்கிவைப்பவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் மேலக்கா. மேலே இருக்கிற அக்கா, அவ்வளவுதான். அவளைவிட வயதில் மூத்த மேஸ்திரியும் வெட்கமே இல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார்.

காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். நடுவில் ஒருமுறை இறங்கி ஏறுவதென்றால் கால் கழன்றுவிடும். அதோடு கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதனால் மத்தியானச் சாப்பாடும் முதுகுப்பையில் அவளோடு சேர்ந்து ஏறும். கூண்டில் சூடு பண்ண வழியில்லை. சோறு கட்டி தட்டிப்போகும், ரொட்டி அட்டையாகும், பொரித்தது சவசவ என்றாகிவிடும். மேலக்கா ருசிக்கு அலைகிறவள் இல்லை. ஆனாலும் ஆறிப்போனது மட்டும் அவளுக்கு இறங்காது. இரண்டு வாய் தின்று தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஒருநாள் அது வினையாய் வந்து முடிந்தது. கம்பிக்கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டியது. கை பிசகியதில் கட்டு லேசாக ஆடியது. கீழே நின்று சைகை கொடுக்கிற சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் போட்ட சத்தத்தில் மேலக்கா சுதாரித்துப் பிடியை இறுக்கினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் இறங்கியதும் சைட் இன்சார்ஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்தியானம் சாப்டீங்களா?"

"ரெண்டு வாய் சாப்டேன் சார்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை மேல அனுப்பமாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. கீழ நிக்கிறவங்க உயிர் உங்க கையில இருக்கு."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் வீடு போகும் வழியெல்லாம் அதே நினைப்புத்தான். வீட்டில் அடுப்பு எரிவது அந்த இருக்கையால்தான். அது ஒருபுறம் இருக்கட்டும், அந்த இருக்கை அவளுக்கு உயிர். அங்கே உட்கார அவள் பட்ட பாட்டுக்குத் தனியாக ஒரு கதை எழுதலாம்.

வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் தரையில் டைல்ஸ் பதிக்கிறவராக இருந்தவர். காலமெல்லாம் மண்டிபோட்டு ஊரார் வீட்டுத் தரையை எல்லாம் பளபளவென்று ஆக்கிவிட்டு, கடைசியில் தன் முழங்கால்களைக் கோட்டைவிட்டார். இனிமேல் மண்டிபோடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து சமையலறை அவர் பொறுப்பு. பொறுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வெந்நீரைத் தவிர வேறெதையும் அவர் அதுவரை அடுப்பில் வைத்ததில்லை.

சொன்னதைக் கேட்டுவிட்டு மனிதர் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சுருள் பாஸ்தா வாங்கிவந்தார்.

"இது என்னத்துக்கு?" என்றாள்.

"ஒரு வீட்ல வேலை பாத்தப்போ அந்த அம்மா ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து ஜில்லுன்னு ஒரு கிண்ணம் குடுத்தாங்க. பாஸ்தா சாலட்டாம். ஆறிப்போனதைத் தராங்களேன்னு மொதல்ல கோவம் வந்துச்சு. தின்னு பாத்தா கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டேன். ஆற வச்சு திங்கிறதுக்குன்னே ஒரு சாப்பாடு இருக்குது. நாமதான் சூடான சாப்பாட்டை ஆற வச்சுத் தின்னுட்டு இருக்கோம்."

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. முதல் தடவை பாஸ்தாவைக் குழையவிட்டுவிட்டார். டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துச் சுவரில் டைல்ஸ் பதித்திருக்கலாம். அடுத்த தடவை மயோனைஸ் போட்டார். வெயிலில் அது வேறு வாடை வீசியது. அதற்கடுத்த தடவை வெள்ளரிக்காயும் தக்காளியும் தண்ணீர் விட்டு, மத்தியானம் மூடியைத் திறந்தால் குளத்தில் பாஸ்தா மிதந்தது. மேலக்கா பையில் வைத்திருந்த வாழைப்பழத்தைத் தின்று சமாளித்தாள். மிச்சத்தைச் சாயங்காலம் சைட் கேட்டில் படுத்திருக்கும் நாய்க்குக் கொட்டினாள். மயோனைஸ் நாளில் நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

வீட்டு வாசலில் அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்.

"நல்லா இருந்துச்சுங்க."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வாள்? கால் போய் வீட்டோடு முடங்கின மனிதர் ஆசை ஆசையாய் ஒன்றைச் செய்து தருகிறார். அதை நாய்க்குப் போட்டேன் என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

நல்லா இருந்துச்சு என்று சொல்லச் சொல்ல, சாப்பாடு மாறிக்கொண்டே வந்ததுதான் வேடிக்கை. வெள்ளரிக்காய் இப்போது விதை வழித்து, உப்பில் புரட்டி, பிழிந்த பிறகுதான் டப்பாவுக்குள் வந்தது. தக்காளியும் சதை மட்டும் வந்தது. வெங்காயம் வினிகரில் ஊறிக் காரம் அடங்கியிருந்தது. பாஸ்தாவை வடித்த சூட்டோடு எலுமிச்சைச் சாறு, எண்ணெய், நசுக்கின பூண்டு, அரைத்த கடுகு, மிளகு எல்லாம் சேர்த்து அவர் புரட்டுவதைக் காலையில் தலை வாரிக்கொண்டே பார்ப்பாள். அவித்த கொண்டைக்கடலை ஒரு கை, குடைமிளகாய் ஒரு கை. கடைசியில் புதினாவைக் கிள்ளிப்போடுவார். கலவையில் கொஞ்சத்தைச் சின்ன பாட்டிலில் தனியாக எடுத்துவைத்து, "சாப்பிடுறப்போ ஊத்திக்கோ. பாஸ்தா எல்லாத்தையும் குடிச்சிடும்" என்பார். இந்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். யாரோ போனில் சொல்லித்தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மத்தியானம், கூண்டில் முதல் வாய் எடுத்து வைத்தவள் மென்றுகொண்டே டப்பாவை உற்றுப் பார்த்தாள். புளிப்பு, உறைப்பு, உப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. டப்பா காலியான பிறகும் விரலால் வழித்தாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை கை கல்லுப்போல நின்றது. வாரங்கள் போயின. இன்சார்ஜும் அவளைச் சந்தேகமாய்ப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் காலையிலேயே காற்று எழும்பியது. கூண்டில் காற்றை அளக்கிற கருவி கத்த ஆரம்பித்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கிரேனின் கையைக் காற்றடிக்கும் திசைக்கே திரும்பிக்கொள்ளும்படி விட்டுவிட்டு மேலக்கா இறங்கினாள். திறக்காத டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். மத்தியான வேளை. கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை.

வீட்டுக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் விழுகிற மூலையில் ஒரு ஸ்டூல். அதன்மேல் அவளுடையதைப் போலவே ஒரு முதுகுப்பை, பழையது. மடியில் அவள் டப்பாவுக்கு ஜோடியாய் இன்னொரு டப்பா. அதிலிருந்து ஆறிப்போன பாஸ்தாவை முள்கரண்டியால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. டப்பாவை மறைக்கப் பார்த்தார். ஸ்டூலுக்குப் பின்னால் ஒளித்து விளையாடுகிற வயதா அது?

"ஒண்ணுமில்ல. சாப்பிடுறேன்."

"சூடா செஞ்சு திங்கவேண்டியதுதானே? அடுப்பு பக்கத்துலதானே இருக்கு?"

அவர் முள்கரண்டியை டப்பாவுக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "நீ கெளம்பினதும் ஒரு டப்பாவை இந்தப் பைக்குள்ள போட்டு வெயில்ல வச்சிருவேன். நீ சாப்பிடுற நேரத்துக்கு எடுத்துத் திம்பேன். காலையில சூட்டுல நாக்குல வச்சா உப்பு சரியா இருக்கும். மத்தியானம் அதே உப்பைக் காணோம். அடுப்பங்கரையில நின்னா அதெல்லாம் தெரியாது. அதான்."

"நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேனே."

"சொன்னே. அந்த மயோனைஸை நானும் தின்னேன்மா."

மேலக்காவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன. நாய்க்குக் கொட்டினாளே, அந்தக் கண்றாவி எல்லாவற்றையும் இந்த மனிதர் தனியாய் உட்கார்ந்து, கடைசி வாய் வரைக்கும் தின்று பார்த்திருக்கிறார். சண்டை இல்லை, குத்திக்காட்டல் இல்லை. அவள் சொன்ன பொய்யை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் வெள்ளரிக்காயைப் பிழிந்திருக்கிறார்.

"சரி, இப்பதான் சரியா வந்துடுச்சே. இன்னும் எதுக்கு ஆற வச்சுத் திங்கிறீங்க?"

"பழகிடுச்சு" என்றார். அது பதிலில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ அவ்வளவு ஒசரத்துல ஒண்டியா உக்காந்து ஆறினதைத் திங்கிற. நான் மட்டும் இங்க சூடா தின்னா எறங்கமாட்டேங்குது."

மேலக்கா முதுகுப்பையைக் கழற்றினாள். தன் டப்பாவை எடுத்துத் திறந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் சொல்லியிராத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க."

"போதும், திங்கிற வழியப் பாரு" என்றார் அவர். காது மடல்வரை சிவந்துபோயிருந்தது.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. கம்பிக்கட்டுகள் ஒழுங்காய் இறங்கின. மத்தியானம் வேலை நின்றதும் மேலக்கா வெறும் கொக்கியை மேலே சுருட்டிக்கொண்டு, இடது பிடியை மெல்லத் தள்ளினாள். கிரேனின் நீளக் கை வானத்தில் அரைவட்டம் போட்டது. கூடவே கூண்டும் திரும்பியது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நெருக்கமான கூரைகள் தெரிகிற பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "மேலக்கா, லோடு ஒண்ணும் இல்லையே. எதுக்குத் திருப்புறீங்க?"

"சாப்பிடப் போறேன்" என்றாள் மேலக்கா. "எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் உக்காந்திருக்கார்."