வீட்டுக்கார அண்ணையின் காரில் குயின்ஸ் பார்க் வரை

வழமையாக இந்தப் பக்கத்தில் ஏரி, அருவி, கூடாரம் என்றுதான் எழுதுவேன். இந்த முறை போனது நாங்கள் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தள்ளி, குயின்ஸ் பார்க்கில் இருக்கும் மாகாணப் பாராளுமன்றத்துக்கு. மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை.

ஒன்ராறியோவில் வாடகையை ஆண்டுக்கு இவ்வளவுதான் கூட்டலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2018 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு மட்டும் அது கிடையாது. நாங்கள் இருக்கும் பேஸ்மென்ற் அப்படியொரு புது வீட்டில். மேலே இருக்கும் சிவம் அண்ணைதான் வீட்டுக்காரர். ஜூலையில் இருந்து மாதம் நானூறு டொலர் கூட்ட வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். கூட்டினால் நாங்கள் வெளிக்கிட வேண்டும், மகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும். அந்த விதிவிலக்கை நீக்கும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றக் குழுவின் முன் வந்திருந்தது. பொதுமக்களும் பேசலாம் என்றார்கள். அண்ணைக்குச் சொல்லாமல் பதிந்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு ரயிலுக்குப் போக வெளியே வந்தால், அண்ணை கோட் சூட்டோடு கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகிறார்.

“எங்கை பிள்ளை, வெள்ளனவே?”

“குயின்ஸ் பார்க்குக்கு, அண்ணை. வாடகைச் சட்டம் வேணும் எண்டு பேசப் போறன்.”

சுரண்டுவதை நிறுத்தினார். “நானும் உதுக்குத்தான் போறன். வேண்டாம் எண்டு சொல்ல. ஏறுங்கோ, ரெண்டு பேரும் ரெண்டு வழியா ஏன் போவான்?”

404 நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். ஒன்றரை மணி நேரம் வாடகையைத் தவிர எல்லாம் பேசினோம். அவருடைய மனைவி கட்டிக் கொடுத்த மீன் ரோல்ஸில் பாதியை எனக்குத் தந்தார். எதிர்த்தரப்பின் ரோல்ஸ் அவ்வளவு ருசியாக இருந்திருக்கக் கூடாது. பார்க்கிங் முப்பது டொலர். பாதி தருகிறேன் என்றேன்.

“உதைச் சேர்த்து வையுங்கோ,” என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. எதற்குச் சேர்க்க, ஜூலைக்கா?

குழு அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆளுக்கு ஏழு நிமிடம். அண்ணை முதலில் பேசினார். வீட்டு மோர்ட்கேஜ் கடனைப் புதுப்பித்தபோது மாதக் கட்டணம் ஆயிரத்துக்கு மேல் ஏறியதைச் சொன்னார். தான் கம்பனி இல்லை, ஒரேயொரு வீடு வைத்திருப்பவன் என்றார். ஒரு சொல்லும் பொய்யில்லை.

நான் பேசி முடித்ததும் உறுப்பினர் ஒருவர், “உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு கேட்கிறார்?” என்று கேட்டார். அண்ணை பின் வரிசையில் இருந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. “நானூறு டொலர் கூடுதலாக. அவர் எனக்குப் பின்னால்தான் இருக்கிறார். அவருடைய காரில்தான் வந்தேன்,” என்றேன். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் மார்க்கம் நகரம் வரும்வரை அண்ணை வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, “உள்ளதைத்தானே சொன்னனீங்கள். உதிலை கோவிக்க என்ன கிடக்கு?” என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: பேசுவதற்கு இணையத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள். படமுள்ள அடையாள அட்டை கட்டாயம். வாசலில் பையைச் சோதிப்பார்கள். கார் வேண்டாம். யூனியன் நிலையம் வரை ரயில், அங்கிருந்து சப்வேயில் குயின்ஸ் பார்க் நிலையம், பிறகு சில நிமிட நடை. பேசப்போவதை வீட்டில் ஒருமுறை கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள். ஏழு நிமிடம் கண்மூடித் திறக்கமுன் போய்விடும்.

சட்டமூலம் குழுவைத் தாண்டவில்லை. மார்ச் முடியமுன் அண்ணை வாடகை கூட்டுவதற்கான தொண்ணூறு நாள் அறிவித்தலோடு தானே கீழே இறங்கி வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வருகிற சனிக்கிழமை ஒஷாவாவில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ற் ஒன்றுக்குப் போகிறோம். சாமான் ஏற்ற வான் பிடித்துத் தந்ததும் அவர்தான்.

நேற்று பேஸ்மென்ற் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. அண்ணை வேலையில் நின்றதால் நான்தான் கதவு திறந்து காட்டினேன். கைக்குழந்தையோடு வந்த பெண் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, “வீட்டுக்காரர் ஆள் எப்பிடி, அக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தங்கமான மனுசன்.”

“வருசத்துக்கு எவ்வளவு கூட்டுவார்?”

“அதுக்குத்தான் இன்னும் சட்டம் இல்லை,” என்றேன்.