பொருத்தனைப் பிள்ளை

யார் எது சொன்னாலும் ரெஷ்மா முதலில் தலையை ஆட்டிவிடுவாள். சொன்னது என்ன என்பது பிறகுதான் உள்ளே போய்ச் சேரும். அங்கன்வாடிக் காலத்திலிருந்தே அப்படித்தான். பச்சைப் பாவாடை போதுமா என்றாலும் ஆட்டுவாள், ஊசி போட்டுவிடலாமா என்றாலும் ஆட்டுவாள். ஊசியைக் கண்ட பிறகுதான் அழுகை வரும். பாறசாலைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகும் அவள் அப்பா சுவாமிதாஸ், "இவளுக்கத் தலையை நம்பி ஒரு காரியம் பேசப்பிடாது" என்பார்.

அந்தத் தலை அவளை மாட்டிவிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். வீட்டில் முதல் பட்டதாரி அவள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் தேர்வெழுதிக் காத்திருந்தாள். சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அம்மா சரசம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்க மகளுக்கு டிரெயினிங் காலேஜ்ல சீட் கெடைச்சா, அவளை நம்ம மிஷன் பள்ளிக்கூடத்துக்கே டீச்சரா விட்டுத்தருவேன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணியிருக்கேன்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. போதகர் பெண்கள் பக்கம் திரும்பி, "என்ன ரெஷ்மா, சம்மதம்தானே?" என்றார். தலை ஆடிவிட்டது.

போதகரின் சிபாரிசில், சபைக்காரப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களில் ஒன்று கிடைத்தது. அது கிடைத்த பிறகு பின்வாங்க வழியில்லை. பொருத்தனை விஷயத்தில் சரசம்மா கறார். ஆட்டுக்குட்டி தருவதாக நேர்ந்துவிட்டுச் சேவலைக் கொண்டுவந்த சஜிக்கு அந்த வருஷமே கால் ஒடிந்ததை ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சஜி குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டினான் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

இப்படியாக ரெஷ்மா திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். காலையில் சேலை, பிறகு சேப்பலில் ஜெபம், பிறகு மனோதத்துவ வகுப்பு. பிள்ளைகளின் மனசைப் பற்றி நிறையச் சொல்லித்தந்தார்கள். மனசில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி எந்தப் பாடத்திலும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாளவிகா வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். ஆசைப்பட்டு வந்தவள். சேப்பல் பாட்டுக் குழுவில் சேர்ந்து, ரெஷ்மாவைவிட நன்றாகக் கீர்த்தனை பாடினாள்.

"ஒன்னைப் பார்த்தா பொண்ணு பார்க்க வந்த எடத்துல ஒக்காத்தி வெச்ச மாதிரி இருக்குடி" என்பாள் மாளவிகா.

இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சிக்கு, சாலைக் கடைத்தெருவைத் தாண்டி ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கக் கொடுத்தார்கள். முதல் வாரம் ரெஷ்மா கேள்வி கேட்டால் வகுப்பு சுவரைப் பார்த்தது. பின்னால் உட்கார்ந்து பார்த்த கல்லூரி ஆசிரியை, பிள்ளைகளிடம் பங்கேற்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

"இதுக்கா முழிக்கறே?" என்றாள் மாளவிகா. "தெரிஞ்சவா வலது கை தூக்கணும், தெரியாதவா இடது கை தூக்கணும். கிளாஸே கையைத் தூக்கிண்டு நிக்கும். நீ வலது கையா பார்த்துக் கேளு. எங்க அத்தை ரிட்டயர் ஆறவரைக்கும் இப்படித்தான் ஓட்டினா."

"அது ஏமாத்து இல்லையா?"

"கை தூக்கறதுல என்னடி ஏமாத்து?"

மறுநாளே வகுப்பில் ஏற்பாடு நடந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அடுத்த முறை வந்த ஆசிரியை வகுப்பு முழுக்கக் கைகளைப் பார்த்துச் சொக்கிப்போனார். கல்லூரியில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். ஒவ்வொரு பாராட்டும் வெளிக்கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டது போல ரெஷ்மாவுக்கு இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கை மட்டும் எப்போதும் இடது கையாகவே நின்றது. சாலைக் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருப்பவர்களின் மகள் ஆர்ஷாவின் கை அது.

இறுதிச் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது முன்பு தேர்வெழுதிய கழக்கூட்டத்துக் கம்பெனி இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டது. ஒன்றாம் தேதி வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் யோசித்துச் சொல்ல முடிந்தது. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் பரீட்சையில தோத்துட்டா?"

"ஆண்டவர் நடத்துவார், பிள்ளே."

"நடத்தலைன்னா?"

"அப்போ அது அவருக்க சித்தம். டீச்சர் ஆவாத பிள்ளையை எப்படிக் கொண்டு விட? பொருத்தனை அதோட தீர்ந்துது."

கம்பெனிக்கு, தேர்வு முடிந்த அன்று பதில் சொல்கிறேன் என்றாள். வேண்டுமென்றே தோற்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் தோல்வி தானாக வந்தால் தடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவையும் நம்பாமல் சார்ட்டை இரண்டு தடவை எழுதினாள்.

தேர்வாளராக வந்தவர் வேலாயுதன் சார். நெற்றியில் சந்தனம், மடியில் மார்க் தாள். பாடம், குறை எண்களைப் பெருக்குவது. மைனஸ் மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் என்ன என்று ரெஷ்மா கேட்டதும் கைகள் எல்லாம் எழுந்தன. அவள் முன்பெஞ்சுப் பையனைக் காட்டப் போனாள்.

"பின்னால இருக்கற அந்த மோள் சொல்லட்டும்" என்றார் வேலாயுதன் சார்.

ஆர்ஷா எழுந்தாள். தூக்கிய கையை இறக்கவில்லை. "சார், நான் இடது கையைத்தானே தூக்கினேன்."

"அதுக்கு?"

"இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம், சார்."

ரெஷ்மாவுக்கு வியர்த்தது. அந்த வியர்வைக்கு நடுவே குளுகுளுவென்று ஒரு நிம்மதி. ஆயிற்று, இனி அம்மா மேலும் குற்றமில்லை, தன் மேலும் குற்றமில்லை. மீதிப் பாடத்தை, வேறு யாரோ நடத்துவது போல் லேசாக நடத்தி முடித்தாள்.

பிறகு ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். வேலாயுதன் சார் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க காலத்துல தெரியாதவன் கட்டைவிரலை மடக்கிட்டுத் தூக்கணும். தூரத்துலேர்ந்து நமக்கே தெரியாது, மாறி மாறிப் போகும். உன் ஏற்பாடு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

"சார், நான் ஏமாத்தினேன்."

"கிளாஸ் முழுக்க ஒன்றுபோல உன் சொல் கேட்டாங்கல்லோ. டீச்சர்னா அதுதானே. மிச்சமெல்லாம் புக்ல இருக்கு." தாளில் எதையோ எழுதி மடித்தார். "பேடிக்காதே, பயம் வேண்டாம். நல்ல மார்க்தான்."

ரெஷ்மா நன்றி சொன்னாள். வெளியே வந்து, கழக்கூட்டத்துக்கு வர முடியாது என்று போனில் நாலு வார்த்தை தட்டி அனுப்பினாள்.

வராந்தாவில் ஆர்ஷா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், என்னால தோத்துட்டீங்களா?"

"இல்ல. ஜெயிச்சுட்டேன்."

"அப்ப ஏன் மொகம் இப்படி இருக்கு?"

"அவ்வளவு லேசான கேள்வி உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றாள் ரெஷ்மா.

"ஆறுன்னு தெரியும் டீச்சர். எப்படி பிளஸ் ஆச்சுன்னுதான் தெரியல. அது தெரியாம எப்படி வலது கையைத் தூக்க?"

விதி ரெஷ்மாவுக்குத் தெரியும், பட்டம் வரைக்கும் அதை வைத்தே வந்திருக்கிறாள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. இத்தனை வருஷமும் தான் தூக்கியது எந்தக் கை என்று தோன்றியது.

"திங்கட்கிழமை வந்து சொல்லித் தாரேன்" என்றாள்.

ஆர்ஷா சந்தோஷமாக ஓடினாள். அன்றைய வெள்ளிக்கிழமையோடு அந்தப் பள்ளியில் பயிற்சி முடிந்தது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ரெஷ்மாவுக்கு உறைத்தது.

ஜூனில் மிஷன் பள்ளியில் சேர்ந்தாள். சரசம்மா மறுபடி எழுந்து நின்று, பொருத்தனை நிறைவேறியதைச் சொல்லி அழுதாள். மைனஸுக்கு விளக்கம் தேட ரெஷ்மாவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. எளிமையானதுதான். பலகையில் ஐந்து வரி எழுதினால் ஆர்ஷாவுக்குப் புரிந்துவிடும்.

போன மாதம் ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்காக நகரத்துக்குப் போனவளுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தால் பள்ளி பக்கம்தான், பூக்கடை அதைவிடப் பக்கம். ஆர்ஷா இப்போது பத்தாவது படிப்பாள். பழவங்காடி வரைக்கும் நடந்தாள். இரண்டு வருஷமாக ஏன் வரவில்லை என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினாள். ஊருக்குப் போகும் பாறசாலை பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.