ஆரஞ்சு விளக்கும் ஒற்றை நட்சத்திரமும்

போன வருடம் ஆயுத பூஜை அன்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது. கார் வாங்கி ஆறு மாதம். அதற்கு முதல் பூஜை. வீட்டில் கார் விஷயமெல்லாம் தெரிந்தவள் நான்தான். குறைந்தபட்சம் நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த மாடலில் எத்தனை ஏர்பேக் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். டயரில் காற்று குறைந்தால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் வசதி வேண்டும் என்று நச்சரித்து, ஒரு படி உயர்ந்த மாடலை வாங்க வைத்ததும் நானே. அப்பா பொன்மலையில் ரயில்வே பட்டறைக்காரர். "டயரைக் காலால ஒரு உதை விட்டா தெரிஞ்சுடப் போகுது. அதுக்கு ஒரு லைட்டா?" என்று முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

வண்டியைக் கழுவி மாலை போட்டதும், நான் சந்தனக் கிண்ணத்தோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு ஓட வேண்டுமே என்று வண்டியை ஆன் செய்து வைத்திருந்தேன். ஸ்டீயரிங், கியர், ஏசி, கண்ணாடியை இறக்கும் பட்டன்கள், கைக்குத் தட்டுப்பட்ட மற்ற பட்டன்கள் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். "அழுத்தி வைடி, காஞ்சா உதிர்ந்துடும்" என்று அம்மா வெளியிலிருந்து குரல் கொடுக்க, கட்டைவிரலால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒவ்வொன்றையும் அழுத்தினேன். அப்புறம் நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பொரி தின்று, பூஜையை முடித்தோம்.

மறுநாள், விஜயதசமிக்கும் லீவு தராத என் ஆபீசுக்குக் காலையில் கிளம்பும்போது பின்பக்கத்து இடது டயர் கொஞ்சம் தணிந்திருந்தது. மேப்பில் தேடியதில் உறையூரில், போகிற வழியிலேயே ஒரு பஞ்சர் கடை. பதினோரு பேர்தான் ரிவ்யூ எழுதியிருந்தார்கள். பதினொன்றும் ஐந்து நட்சத்திரம்.

கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். டயரிலிருந்து ஒரு சின்ன ஆணியைப் பிடுங்கி, பஞ்சர் ஒட்டி, நான்கு டயருக்கும் அளந்து காற்று வைத்து அனுப்பினார். கால் மணி நேர வேலை.

சாயங்காலம் திரும்பி வரும்போது, காவிரிப் பாலத்தின் நடுவில் அந்த விளக்கு எரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிண்ணம், உள்ளே ஓர் ஆச்சரியக்குறி.

பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காற்றை அளந்தேன். நான்கும் சரியாக இருந்தன. விளக்கு அணையவில்லை. அடுத்த நாள் பாயிடமே போனேன். சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டு உருட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பாருங்க தங்கச்சி, காத்து அப்படியே நிக்குது."

"அப்ப லைட் ஏன் எரியுது? அது கம்ப்யூட்டருங்க, சும்மா எரியாது."

"கம்ப்யூட்டரு சொல்லுது, தொட்டித் தண்ணி இல்லைங்குது. நான் யாரை நம்புறது, சொல்லுங்க?"

பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒழுங்கா ஒட்டத் தெரியலைன்னா சொல்லிடுங்க" என்று அவர்கள் முன்னாலேயே கத்திவிட்டு வந்தேன். கழற்றிய சக்கரத்தைத் திரும்ப மாட்டியதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அந்த விளக்கோடுதான் குடித்தனம். ஒரு பங்கில் டயர் சூடாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு பங்கில் நைட்ரஜன் போடச் சொன்னார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்றது ஒரு வீடியோ. செய்தேன். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது, எஃப்.எம். சேனலெல்லாம் அழிந்தது, விளக்கு மட்டும் பத்திரமாக இருந்தது. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், "வண்டியை விட்டுட்டுப் போங்க மேடம், ரெண்டு நாள் ஆகும்." அப்பா தினமும் டயரை உதைத்துப் பார்த்து, "என் லைட்டு எரியலையே!" என்பார். அம்மா ஒருபடி மேலே போய், தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கை மறைத்து ஒட்டிவிட்டு, "இப்ப நிம்மதியாப் போ" என்றாள்.

நிம்மதியாவது! ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மேப்பைத் திறந்து, பாயின் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டேன். ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. 'மோசடி' என்ற வார்த்தையையும் சேர்த்தேன். அம்மாவின் பொட்டைப் பிய்த்துவிட்டு, எரியும் விளக்கைப் படமெடுத்து இணைத்தேன். பதினோரு பேர் சேர்த்து வைத்த பெயர் ஒரே நிமிடத்தில் சரிந்ததைப் பார்த்து, உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அந்த ரிவ்யூவுக்கு இன்னும் வலு சேர்க்கலாமே என்று காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். ஆறு மாதமாக அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழித்திருக்கவில்லை. டயர் பற்றிய பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: டயர்களில் காற்று சரியாக இருக்கும்போது மட்டுமே ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பட்டனை மூன்று விநாடி அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் இருக்கும் அளவையே வண்டி சரியான அளவு என்று நினைவில் வைத்துக்கொள்ளும்.

கீழே அப்படி ஒரு பட்டனா என்று போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். இருந்தது. அதன் மேல் சந்தனம். காய்ந்து வெடித்து, நடுவில் என் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

பூஜை அன்றே டயரில் ஆணி ஏறியிருந்திருக்கிறது. காற்று குறைந்த டயரோடு நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அழுத்த, வண்டி அதையே சரி என்று மனப்பாடம் செய்துவிட்டது. பாய் காற்றை ஒழுங்காக வைத்ததும், அது அந்த மக்கு வண்டிக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. மக்கு வண்டி என்ன, அதை ஓட்டியவள்தான் மக்கு.

சந்தனத்தைத் துடைத்து, காற்றை அளந்து, பட்டனை அழுத்தினேன். விளக்கு சிமிட்டி அணைந்தது. பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். எரியவில்லை. ஐந்து நாளாக நான் ஏங்கிய காட்சி அது. ஆனால் முதலில் தேடியது போனைத்தான்.

ரிவ்யூவை அழித்துவிட்டு, மறுநாள் காலையில் கடை முன்னால் போய் நின்றேன். பாய் தலையை நிமிர்த்திப் பார்த்து, "மறுபடியும் லைட்டா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டனைக் காட்டச் சொன்னார். குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன். சாமி கும்பிட்டே கெட்டுப்போன வண்டி இதுதாங்க."

நானும் சிரித்துவிட்டு, "மன்னிச்சுடுங்க பாய். எழுதினதை அழிச்சுட்டேன்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்ல படிச்சுக் காட்டுனாங்க. அன்னிக்கு அவங்க சாப்பிடவே இல்லை. நீங்க அழிச்சுட்டீங்க, சரி. நடுவுல படிச்சவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

காருக்குள் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இந்த முறை தமிழில். ஆணியையும் பொட்டையும் நான் கத்தியதையும், 'மோசடி' என்று எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்து. முன்பு எழுதியதைப் படித்தவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்களா? தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

இப்போதும் யாரையாவது குறை சொல்லி எழுதப் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம், என் கட்டைவிரலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன், அதில் சந்தனம் ஒட்டியிருக்கிறதா என்று.