தாழ்ப்பாள் இல்லாத அறை

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பு வீட்டைப் பூட்டிவிட்டு, நானும் என் கணவரும் இரண்டு நாள் கொச்சியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துப் பாலக்காடு, அங்கிருந்து எர்ணாகுளம், பிறகு படகில் கோட்டைக் கொச்சி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை கடலை நேரில் பார்த்ததில்லை. ஆழியாறு அணையைத்தான் உலகத்திலேயே பெரிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

போகலாம் என்று கூப்பிட்டது அவர்தான். அதுவே எனக்கு அதிசயம். அதற்கு முந்தின வருடம் எங்களுடைய எட்டு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். சாயங்காலம் உடம்பு சுட்டபோது, காலையில் கோயமுத்தூர் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னவர் அவர். காலையில் கொண்டுபோனோம். நேரம் கடந்துவிட்டது என்றார்கள். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊரே திரும்பிப் பார்க்கும்படி பேரம் பேசுகிற மனிதர், அன்றிலிருந்து வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. அப்படிப்பட்டவர் ஒருநாள் சோற்றில் கையை வைத்தபடியே, "அம்மணி, ரெண்டு நாளைக்குக் கொச்சிக்குப் போயிட்டு வந்தரலாமா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் தேறிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய லாட்ஜ் பழைய ஓட்டுக் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் மிளகுக் கிடங்காக இருந்ததாம். ஒரு முழத்துக்குக் குறையாத கனத்தில் சுவர், கூரை எங்கேயோ உயரத்தில், பட்டப்பகலிலும் நடையில் விளக்கு எரிந்தது. நடுத்தர வயதுப் புருஷனும் பெண்சாதியுமாக நடத்திவந்தார்கள். மாடியில் கடலைப் பார்த்த அறையைக் கொடுத்தார்கள். நான் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு தண்ணீரை யார் என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது.

முகம் கழுவத் துண்டு எடுக்கப் பையைக் கிளறினேன். அடியில், அவருடைய வேட்டியில் சுற்றி, ஒரு பாட்டில் இருந்தது. தென்னைக்கு வேரில் கட்டுகிற பூச்சி மருந்து. ஜன்னல் திட்டில் எடுத்து வைத்துவிட்டு, இது எதுக்குங்க என்று கேட்டேன். மீனாட்சிபுரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டிருந்தார், திரும்புகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு கையில் மண்வெட்டிப் பிடியோடு திரும்பி வருகிறவர்கள்தானே.

அந்த நேரத்தில் லாட்ஜ்க்கார அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வாசற்படியில் வந்ததும் நின்றுவிட்டாள். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினாள். பாட்டில் மூடி லேசாகக் கசிந்திருந்தது போலிருக்கிறது. எனக்கு அந்த வாடை உறைக்கவே இல்லை. எங்கள் ஊரில் மோட்டார் ரூமிலிருந்து சாக்குப்பை வரை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அவள் ஜன்னல் திட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். குடத்தை வெளியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

பத்து நிமிடத்தில் அவள் புருஷன் மேலே வந்தார். இந்த அறையில் தண்ணீர் வராது, கீழே வேறு அறை தருகிறோம் என்றார். குழாயைத் திருப்பினேன், கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும், தண்ணீர் வராது என்றார். எங்களுக்குச் சண்டை போடத் தெரியாது. சரிங்க, சரிங்க என்று பாட்டிலை மறுபடி பையில் சுருட்டி வைத்துக்கொண்டு கீழே இறங்கினோம். கீழே கிடைத்த அறை அவர்கள் சமையலறையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குக் கதவு கிடையாது. அங்கிருந்து அந்த அம்மா என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமாம், தமிழ் நன்றாக வந்தது, மகளே என்பது மட்டும் மலையாளத்தில். "மோளே, அப்பா அம்மா இருக்காங்களா? நீங்க இங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா? வீட்டுல போன் உண்டா?" ஓடிவந்த ஜோடி என்று நினைக்கிறாள் போல என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் வீட்டில் போன் இல்லை என்று சொல்லி அண்ணன் வீட்டு நம்பரைக் கொடுத்தேன். அதை உடனே சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டாள். அப்போதுதான் நம்பரைக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

வெளியே கிளம்பினோம். கரையில் பெரிய சீன மீன்பிடி வலைகள் இருக்கும் பக்கம் கொஞ்சம் கூட்டம் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே நடந்தால் தெரு முழுக்க சாத்திக் கிடந்த கிடங்குகள். மஞ்சளும் சுக்கும் கலந்த வாசனை வந்துகொண்டே இருந்தது, ஆள் மட்டும் இல்லை. எங்கள் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு செருப்புச் சத்தமும் கேட்டது. திரும்பினேன். கட்டம் போட்ட லுங்கியும் கறுப்புக் குடையுமாக ஒருவர். நாங்கள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். சர்ச்சுக்குள் போனோம், வெளியே காத்திருந்தார். சாப்பிடப் போனோம், எதிர்க்கடை நிழலில் நின்றார். என் கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. கரையில் போட்டிருந்த பாறைகள் மேல் ஏறி, கடைசிப் பாறையில் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனுங்க, வாங்க என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. அப்போது அந்தக் குடைக்காரர் விடுவிடுவென்று பாறைகளைத் தாண்டிப் போய், அவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றார். தீப்பெட்டி இருக்கிறதா என்று சைகையால் கேட்டார். குடைக்காரர் வாயில் பீடி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பினோம். உடை மாற்றலாம் என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினேன். தாழ்ப்பாள் இல்லை. நாங்கள் போகும்போது இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அது இருந்த இடத்தில் திருகாணி கழற்றிய ஓட்டைகள் மட்டும். கீழே தரையில் மரத்தூள் கூட இருந்தது. ஓடிப்போய்ப் பையைத் திறந்தேன். துணிகளை யாரோ எடுத்து மறுபடி மடித்து வைத்திருந்தார்கள், என்னைவிட நேர்த்தியாக. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த என் இரண்டு வளையல்களும் அப்படியே இருந்தன. மருந்துப் பாட்டிலைத்தான் காணோம்.

தங்கத்தை விட்டுவிட்டு விஷத்தை எடுத்துக்கொண்டு போகிற திருடனை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவரிடம் சொன்னதும் அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் வேர்த்தது. "போனாப் போகுது. நீ பேசாம இரு" என்றார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். என் மூளை தனியாக ஓட ஆரம்பித்தது. தாழ்ப்பாளைக் கழற்றியாகிவிட்டது, மருந்தை எடுத்தாகிவிட்டது, வீட்டு போன் நம்பரையும் வாங்கியாகிவிட்டது. சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிட்டு, கழுத்தில் கிடப்பதோடு எல்லாவற்றையும் சாவகாசமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இதற்குச் சரியாக அந்த அம்மா சின்ன ஜன்னல் வழியாக இரண்டு கிளாஸ் டீயும் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் நீட்டினாள். சிரித்தபடி வாங்கி, அவள் திரும்பியதும் இரண்டு டீயையும் வெளிப்பக்க ஜன்னல் வழியாகக் கொட்டினேன். நிமிர்ந்தால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் சங்கிலியை அல்ல. அவருடைய கைகளை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன். அந்த அம்மா வாசலை மறித்து நின்றாள். பின்னால் அவள் புருஷன், அவருக்குப் பின்னால் அதே குடைக்காரர். அவர் இவளுடைய கொழுந்தனாம், அப்புறம் தெரிந்தது. பொள்ளாச்சி வரைக்கும் கேட்டிருக்கும், அப்படிக் கத்தினேன். "எங்க மருந்தை எதுக்குங்க எடுத்தீங்க? சோத்துல கலக்கறதுக்கா?"

அவள் கோபப்படவில்லை. "அது உங்க கையில இருக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன், மோளே" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாடியில் அதே அறைக்கு, எங்கள் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஜோடி வந்ததாம். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார்களாம். தண்ணீர் வைக்கப் போனபோது இதே வாடை வந்திருக்கிறது. ஏதோ தோட்டக்காரர்கள் என்று அவள் விட்டுவிட்டாள். மறுநாள் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டி, கடைசியில் உடைத்துத்தான் திறந்தார்கள். "நான் அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

எனக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. "ஐயோ, அது தென்னை மரத்துக்குங்க! மீனாட்சிபுரத்துல இவரு தங்கச்சி ஊட்டுல குடுக்கறதுக்கு!" என்றேன். எங்களைப் போய்ச் சாக வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்களே என்று கொஞ்சம் கோபமும் வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் கேட்டாள். "தம்பி, நீ சொல்லு. மரத்துக்குத்தானா?"

அவர் என் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

அன்று முழுக்க நான் எத்தனையோ விஷயத்துக்குப் பயந்தேன். குடைக்காரருக்கு, கழற்றிய தாழ்ப்பாளுக்கு, டீக்கு. அதெல்லாம் ஒரு பயமே இல்லை. அவர் ஆமாம் என்று சொல்வதற்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் நிற்பது யார் என்றே தெரியாதது மாதிரி இருந்தது.

"எனக்கு மட்டுந்தான் அம்மணி" என்றார் கடைசியில். "உன்னைய ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். கல்யாணத்தப்பக் கடலைக் காட்டறேன்னு சொன்னனல்ல, அதைய மட்டும் காட்டிப்போட்டு..." அதற்கு மேல் பேச முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதார். குழந்தை போன அன்று கூட அழாத மனிதர். நான் அவரை அடித்தேன். முதுகு, தோள், கை போன இடத்திலெல்லாம் அடித்தேன். அந்த அம்மா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து, போதும் என்றாள்.

அன்று இரவு அவள் எங்களோடு அதே அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். கரியில் எழுதிய நம்பருக்குப் போன் போட்டார்கள், மறுநாள் மத்தியானம் என் அண்ணன் வந்து சேர்ந்தான். வாடகை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். மருந்தைப் பற்றிக் கேட்டேன், குழி தோண்டிப் புதைத்தாயிற்று என்றார் குடைக்காரர். பாட்டிலுக்காக மன்னிப்பும் கேட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊர் திரும்பியதும் கோயமுத்தூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். ஏறக்குறைய இரண்டு வருடம், மாதம் ஒரு தடவை காந்திபுரத்தில் பஸ் இறங்கி நடப்போம். சொந்தக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள், பேசட்டும் என்று விட்டேன். டாக்டரிடம் அவர் முதல் தடவை வாய் திறந்து குழந்தையின் பெயரைச் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று. அன்று சாயங்காலம் நானும் அவரிடம் ஒன்றைச் சொன்னேன். குழந்தைக்கு உடம்பு சுட்ட அந்தச் சாயங்காலம், காலையில் போகலாம் என்று அவர் சொன்னபோது, நானும் சரி என்றுதான் சொன்னேன். அதை ஒரு வருடத்துக்கு மேல் அவர் தலையில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு, நான் குற்றம் சொல்லவில்லை என்று பெருமையாக இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள். அப்பாவும் மகளும் போனில் சண்டை போட்டால் பக்கத்துத் தோப்பு வரை கேட்கும். ஊரில் யாராவது வந்து, எங்கே போறீங்க, ஏன் முகம் வாடியிருக்கு, கூட யாரு என்று துருவித் துருவிக் கேட்டால் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. எனக்கு மட்டும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.